வெள்ளைச் சுவரும் உன் அப்பாவின் நாற்காலியும்

கண்ணு,

முந்தாநாள் நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. மாடு கத்துகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மாடு கத்தவெல்லாம் இல்லை. அது பாட்டுக்குக் கட்டுத்தரையில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. போனில் நீ எதிரே மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் எனக்குப் புத்தி வேலை செய்ய மாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடிக்கும்போதாவது தெளிவு வரும் என்று நினைத்தேன். நேற்று ஒரு தாள் எழுதிக் கிழித்துப் போட்டாயிற்று. தெளிவும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. குழப்பத்தோடேயே எழுதுகிறேன், குழப்பத்தோடேயே படித்துக்கொள்.

நீ கேட்டது இதுதான். "அம்மா, அந்த ஓட்டப் படமெல்லாம் எடுத்தவனும் நாந்தான், இந்தச் செவுத்துப் படம் எடுத்தவனும் நாந்தான். இதுல எது நானுன்னு நீயே சொல்லு." நல்ல கேள்வி கேட்டாய் போ. பெற்றவள் என்பதால் எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டாய் போல. சென்னையில் ஒரு பெரிய நடிகரை வைத்து உன் முதல் படம் மாதிரியே இன்னொன்று எடுத்துக் கொடு என்கிறார்கள், தை பிறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம், செவுத்துப் படம் மாதிரி இன்னொன்று எடுக்க உனக்கு ஆசை, அதற்குப் பணம் போட ஆள் இல்லை. அதை விட்டால் இனிக் கூப்பிட மாட்டார்கள், இதை விட்டால் இனி உனக்கே கை வராது என்றாய். அவ்வளவும் புரிந்தது. எல்லை தாண்டிக் கேரளத்து வடகரப்பதியில் மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிக்கொண்டு, தேங்காய் போடுகிறவனோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிற என்னிடம் இதை ஏன் கேட்கிறாய் என்பதுதான் புரியவில்லை. அப்புறம் யோசித்தால் அதுவும் புரிந்த மாதிரி இருக்கிறது. அந்தச் சுவரில் என் கையும் பட்டிருக்கிறதே.

நீ சின்னதில் எப்படி இருந்தாய் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஓர் இடத்தில் உட்கார மாட்டாய். பொள்ளாச்சிக்குப் போய் ஒரு படம் பார்த்து வந்தால், மறுநாள் அந்தப் படத்தை மூச்சு விடாமல் சொல்வாய். சொல்வது என்ன சொல்வது, நீயே எல்லாராகவும் ஆகிவிடுவாய். சண்டை போடுகிறவன், அடி வாங்குகிறவன், ஓடுகிற குதிரை, பின்னால் அடிக்கிற தவில் எல்லாம் நீதான். உன் வாயிலிருந்து படம் பார்த்தால் தியேட்டரில் பார்ப்பதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும், அதுதான் ஒரே லாபம். உன் முதல் படம் வந்தபோது எனக்கு அதிசயமாகவே இல்லை. அதே வேகம், அதே கூச்சல். ஒரே கதையில் சேவல் சண்டை, ஓடிப்போகிற கல்யாணம், செக்போஸ்டில் கள்ளு பிடிக்கிற கலாட்டா, கேமரா ஒரு நிமிஷம் நிற்காமல் ஆட்களோடு சேர்ந்து வேலிகளுக்கு நடுவே இட்டேரியில் ஓடுகிறது. ஜனங்கள் விசிலடித்தார்கள். நானும் அடித்திருப்பேன், பல் இடுக்கில் காற்று போய்விட்டது.

அன்று உன் அப்பா சொன்னதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்லலாமா என்பதிலும் எனக்குக் குழப்பம்தான். படம் விட்டுப் பஸ்ஸில் வரும்போது வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டியதும், "எல்லாரும் ஓடிக்கிட்டே இருக்கறாங்களே. ஒருத்தனாச்சும் சித்த நேரம் உக்காந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களை மாதிரி நாள் பூராவும் உட்கார்ந்திருக்கிறவனை வைத்துப் படம் எடுத்தால் எவன் பார்ப்பான் என்று கேட்டேன்.  அவர் சொன்னதை நீ தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொள்ளாதே. அதே மனுஷன் அடுத்த வாரம் சொசைட்டி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் படத்தை மறுபடி பார்த்தார், அதற்கடுத்த வாரம் உன் மாமனைக் கூட்டிக்கொண்டு போனார். இடைவேளையில் எல்லாருக்கும் முறுக்கு வாங்கிக் கொடுத்து, இது என் பையன் எடுத்தது என்று முன்சீட்டுக்காரனிடம் சொல்லியிருக்கிறார். இதில் எது அவர் மனசு என்று எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது படம் பெரிய நடிகரோடு. முதல் படத்தையே பெரிதாக்கின மாதிரி இருந்தது. அந்த நடிகர் நம் பேச்சைப் பேசுகிறேன் பேர்வழி என்று ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு 'ங்க' ஒட்டினார். தன் மாட்டைக்கூட வாங்க போங்க என்றார். நான் உன்னிடம் சண்டைக்கு வந்தேன், ஜனங்களுக்குப் பிடிக்கிறதும்மா என்றாய். பிடிக்கத்தான் செய்தது. மூன்றாவது படத்துக்கு நானும் பக்கத்துத் தோட்டத்து மயிலாத்தாளும் போனோம். தியேட்டரில் எங்களைத் தவிர இங்கொருத்தர் அங்கொருத்தர். இடைவேளைக்கு எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை. மயிலாத்தாள் காலை நீட்டித் தூங்கிவிட்டாள். உனக்குப் போன் செய்து நல்ல கூட்டம் என்று சொன்னேன். நீயும் சரிம்மா என்றாய். இரண்டு பேருக்கும் உண்மை தெரியும். எதற்கு அப்படிப் பேசிக்கொண்டோம் என்று இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

அந்தப் படத்தின் ஷூட்டிங் முடிகிற தறுவாயில்தான் உன் அப்பா போனார். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் தென்னை மரத்தடியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நீ எங்கேயோ வடக்கே பாட்டு எடுத்துக்கொண்டிருந்தாய். வந்தாய், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாய், கருமாதி முடிந்ததும் கிளம்பிப் போனாய். அழவில்லை. ஊரில் சிலர் அதைப் பேசினார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை, உனக்கு வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. படம் படுத்துப்போன பிறகு வந்தாய் பார், அப்போதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாய். நாள் முழுக்க ஆசாரத்தில், நீ ஹால் என்று சொல்லப் பழகிக்கொண்ட இடத்தில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஓர் இடத்தில் உட்காராத பிள்ளை உட்கார்ந்துவிட்டானே. கோயிலில் கயிறு மந்திரித்து வாங்கி வந்து உன் தலையணைக்கு அடியில் வைத்தேன், அது உனக்குத் தெரியாது.

நீ பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சுவரில் உன் அப்பா தலை வைத்த இடத்தை. அந்தக் கறையோடு நான் குடும்பம் நடத்தினது உனக்குத் தெரியும். மனுஷன் தேங்காய் எண்ணெயைத் தலையில் தேய்க்க மாட்டார், ஊற்றுவார். சாயங்காலம் பொழுதோடு பால் ஊற்றிவிட்டு வந்து அந்த மரநாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்தால் சோறு வைக்கிற வரைக்கும் அசைய மாட்டார். சுவரில் ஒரு வட்டம், கறுப்பும் பழுப்புமாக. காத்தால வாசல் கூட்டும்போது நான் அந்த நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போடுவேன். பொழுதோடு அவர் அதைப் பின்னால் தள்ளிப் போடுவார். "ஏனுங்க, தலையத் தூக்கி உக்காருங்க" என்பேன். "தூக்கித்தான் இருக்கறன்" என்பார், சாய்ந்துகொண்டே. வருஷா வருஷம் பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்போம். மாசி பிறப்பதற்குள் வட்டம் திரும்பி வந்திருக்கும். அவர் செத்த வருஷம் நமக்குப் பொங்கல் இல்லை, அதனால் சுண்ணாம்பும் இல்லை. கறை அப்படியே இருந்தது. நான் அதைப் பார்க்காமல் போகவும் வரவும் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் நான் கடலைக்காய் உரித்துக்கொண்டிருக்கும்போது நீயாகவே பேசினாய். "அம்மா, எனக்கு வெசையா எடுக்கத்தான் தெரியும். மெதுவா எடுக்கப் பயமா இருக்குது" என்றாய். அப்புறம் அந்தச் சுவரைக் காட்டி, இதைத்தான் படமாக எடுக்கப் போகிறேன், இந்த வட்டத்தில்தான் படம் தொடங்கும், இதில்தான் முடியும் என்றாய். செவுத்தை எவன்டா பார்ப்பான் என்று கேட்டேன். தெரியலம்மா என்றாய். தெரியாது என்ற சொல் உன் வாயிலிருந்து வந்ததே எனக்குப் புதிது. அதற்கு முன்னால் எல்லாம் உனக்குத் தெரிந்துதான் இருக்கும். சரி, பையன் எழுந்து நடமாடினால் போதும் என்று ஆகட்டும் என்றேன். மாசியில் ஆட்களோடு வருவதாகச் சொல்லிக் கிளம்பினாய். போகும்போது வாசலில் நின்று, "ஊட்ட ஒண்ணும் பண்ணாத. இருக்கற மாரியே இருக்கட்டும்" என்றாய்.

இங்கேதான் கண்ணு, நீ கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். நம் ஊரில் ஒறம்பரையாக விருந்துக்கு வருகிறேன் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் என்ன சொல்வார்கள்? ஒன்றும் செய்ய வேண்டாம், ஒரு வாய் மோர் போதும் என்பார்கள். நாம் என்ன செய்வோம்? பருப்பும் வெல்லமும் வைத்து ஒப்புட்டுச் சுட்டு வைப்போம். வேண்டாம் என்று சொன்னார்களே என்று மோரோடு நிறுத்தினால் சாகும்வரை பேசுவார்கள். உன் பேச்சையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று பிள்ளை சொல்கிறான், அவன் குணம் அப்படி என்று பூரித்துப் போனேன். கொச்சியிலிருந்து கேமராக்காரர்கள், படித்தவர்கள் எல்லாம் வருகிறார்கள், கட்டுத்தரை வாசம் அடிக்கிற வீட்டையா காட்டுவது? அந்த வருஷம் தீட்டும் முடிந்துவிட்டது, பொங்கல் உண்டு. கறை மேல் சுண்ணாம்பு நிற்காது என்று சலவைச்சோடா போட்டுத் தேங்காய் நாரால் நானே தேய்த்தேன். கை எரிந்தது. அப்புறம் ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. உன் படத்துக்கு என்னால் ஆனது என்று நினைத்துக்கொண்டேதான் அடித்தேன். நீ சொன்ன வட்டம் எனக்கு நினைவில்லாமல் இல்லை. அதைத்தான் எடுக்கப் போகிறாய் என்று நம்பவில்லை, அவ்வளவுதான். துக்கத்தில் பேசுகிறான், கேமராவோடு வந்தால் வழக்கம் போல ஓடிப்போகிற கல்யாணம்தான் எடுப்பான் என்று நினைத்தேன்.

நீ வந்து செருப்பைக் கழற்றி ஆசாரத்துக்குள் ஒரு கால் வைத்தாய். வைத்த கால் அப்படியே நின்றது. நான் பட்டுச்சேலையில் நின்றுகொண்டிருந்தேன், எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாயிருக்கிறதும்மா என்றாய். திரும்பித் தோப்புப் பக்கம் போய்விட்டாய். உன் கேமராக்காரர், அந்தத் திருச்சூர்க்காரர், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சாரமில்லம்மே" என்றார். பரவாயில்லை என்று எதற்குச் சொல்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.  நீ திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன், இரண்டு பேரும் அழுதிருப்போம், சோறு தின்றிருப்போம். நீ வந்து கை கழுவி, இலையில் உட்கார்ந்து, ரசம் நன்றாயிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டாய். இன்றைக்கு வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை நீ என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்க மாட்டேன் என்கிறது.

மறுநாள் செட் வேலை பார்க்கிறவர் கறையைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்றார். எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று கேட்டார். நான் போய்க் கையை வைத்துக் காட்டினேன். சந்தேகமே வரவில்லை, கை தானாகப் போய் நின்றது. அவர் எண்ணெயும் புகைக்கரியும் கலந்து பஞ்சால் ஒற்றி ஒற்றி ஒரு வட்டம் வரைந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் அச்சு அசல். நீ கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாய். நானும் உனக்குப் பின்னால் நின்று பார்த்தேன். என் மனசுக்குள்ளே ஒன்றே ஒன்றுதான் ஓடியது, இதில் தலை சாய்த்த ஆளை எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் காரணம் ஒன்றும் சொல்லவில்லை, வேண்டாம், வெள்ளையே அடித்துவிடுங்கள் என்றாய். முதல் தடவை நான் அடித்தேன், இரண்டாம் தடவை நீ அடிக்கச் சொன்னாய். அந்தக் கணக்கை மட்டும் நான் மறக்காமல் வைத்திருக்கிறேன், எனக்கு அதில் ஒரு ஆறுதல்.

அப்புறம் நீங்கள் கேமராவைக் கட்டிலண்டை நட்டு வைத்துவிட்டு என்ன செய்கிறீர்கள் என்றே தெரியவில்லை. யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. என்னைப் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு எப்போதும் போல் வேலையைப் பார் என்றாய். நான் பார்த்தேன். எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று எனக்குச் சொல்லவே இல்லை. ஒருநாள் காத்தால வாசலைக் கூட்டிவிட்டு உள்ளே வந்து, அந்த நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போனேன். திரும்பி வந்தால் அந்தத் திருச்சூர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அடுப்புப் புகை போல என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டேன். நீ எழுந்து வெளியே போய்விட்டாய். வெகுநேரம் கழித்து நீ மாட்டுக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்ததை மயிலாத்தாள் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். கருமாதியில் அழாதவன் என் கட்டுத்தரையில் எதற்கு அழுதாய் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

போன மாதம் கொச்சியில் அந்தப் படத்தைக் காட்டினார்களே, அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். ஏசிக் குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் சுவர். வெள்ளையாக இருக்கிறது. இன்னும் சுவர்தான். ஆபரேட்டர் தூங்கிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன். நான் பேசுகிற தமிழுக்குக் கீழே மலையாளத்தில் எழுத்து ஓடுகிறது. பக்கத்து ஊரில் நின்று பேசினால் புரிந்துகொள்கிற ஜனங்களுக்கு எதற்கு எழுத்து என்று அது வேறு எரிச்சல். அப்புறம் நான் வருகிறேன், நாற்காலியை இழுக்கிறேன், போகிறேன். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் விசும்பினாள். ஏன் கண்ணு அழுகிறாய் என்று கேட்டேன். "அம்மே, அது ஆளில்லாத்த கசேரையல்லே" என்றாள். ஆள் இல்லாத நாற்காலியாம். எனக்குச் சுருக்கென்றது. அவர் போன பிறகு அந்த நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட ஆளே இல்லை. பின்னே நான் தினமும் எதை முன்னால் இழுத்துக்கொண்டிருந்தேன்? சாயங்காலம் யார் அதைப் பின்னால் தள்ளினார்கள்? நானேதான் தள்ளியிருக்க வேண்டும். தள்ளினது எனக்கு நினைவே இல்லை.

விளக்கைப் போட்டதும் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். உன்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு கண்ணாடிக்காரர், அந்த வெள்ளைச் சுவரை எப்படி யோசித்தீர்கள், உங்கள் பழைய பாணியையே துடைத்துப் போட்டது போல இருக்கிறதே என்று கேட்டார். நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இல்லாததைக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன் என்றாய். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். அடப்பாவி, அது நான் சலவைச்சோடா போட்டுத் தேய்த்ததடா என்று கத்த வேண்டும் போல இருந்தது. நீ என்னைக் காட்டிக்கொடுக்காமல் மறைத்தாயா, இல்லை என் தப்பை உன் கெட்டிக்காரத்தனமாக எடுத்துக்கொண்டாயா? வீட்டுக்கு வருகிற வழி முழுக்க இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான். ஆனால் எது என்று தெரிந்தால் நிம்மதியாகத் தூங்குவேன்.

இப்போது நீ கேட்கிற கேள்விக்கு வருகிறேன். எது நீ? நான் சொல்லக்கூடியவள் என்றால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நான் அந்தச் சுவரைத் தொடாமல் இருந்திருந்தால் உன் படம் இதைவிட நன்றாக வந்திருக்குமா, இல்லை படமே வந்திருக்காதா? கறை இருந்திருந்தால் நீ கறையைத்தான் படம் எடுத்திருப்பாய், என்னை நாற்காலி இழுக்க விட்டிருக்க மாட்டாய். அப்படியானால் உன் புதுப் பாணி என்று அந்தக் கண்ணாடிக்காரர் சொன்னாரே, அது உன்னுடையதா, என் சுண்ணாம்பினுடையதா? அது தற்செயல் என்றால் அதை நம்பிப் பெரிய படத்தை விட்டுவிடச் சொல்ல எனக்கு நெஞ்சுரம் இல்லை. விட்டுவிடாதே என்று சொன்னால், மறுபடியும் ஓட ஆரம்பித்துவிடுவாய், அப்புறம் ஒருநாள் வந்து மறுபடி அந்தக் கட்டிலில் உட்கார்ந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. ஓட்டப் படத்தைப் பார்த்தபோதும் இது என் பிள்ளை என்றுதான் நினைத்தேன். செவுத்துப் படத்தைப் பார்த்தபோது இது யார் பெற்ற பிள்ளை என்று நினைத்தேன், அப்புறம் இவன் அவர் பிள்ளை என்று தோன்றியது. போதுமா? இதற்குமேல் என்னிடம் இல்லை.

ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இதற்காகத்தான் நேற்று எழுதினதைக் கிழித்தேன், அதில் இதை எழுதாமல் விட்டிருந்தேன். ஐப்பசி மழை ஓய்ந்து சுவர் காய்ந்த பிறகு ஒருநாள் வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. பார்த்தால் அந்த இடத்தில் ஒரு நிழல். துடைத்தேன், போகவில்லை. கார்த்திகையில் நன்றாகவே தெரிந்தது, பழுப்பாக, வட்டமாக. மயிலாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். எண்ணெய் சுவருக்குள்ளேயே ஊறியிருக்கும், எத்தனை பூச்சு அடித்தாலும் சுண்ணாம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், இதுகூடத் தெரியாதா என்றாள். அப்படியானால் இத்தனை வருஷம், மாசியில் வட்டம் வந்த போதெல்லாம், அவர் தலை வைத்ததால் வந்தது என்று நான் அந்த மனுஷனைத் திட்டினேனே, அதில் பாதி அநியாயம். "தூக்கித்தான் இருக்கறன்" என்று அவர் சொன்னது சில நாளாவது நிஜமாக இருந்திருக்கும். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு.

அதோடு போகவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. கொச்சியிலிருந்து வந்ததிலிருந்து என்னை நானே கவனிக்க ஆரம்பித்தேன். பொழுதோடு பால் ஊற்றிவிட்டு வந்து கால் கழுவி, நான் போய் உட்காருகிற இடம் அந்த நாற்காலிதான். அதைச் சுவரோடு தள்ளிப் போட்டுத் தலையைச் சாய்த்துக்கொள்கிறேன். எத்தனை மாதமாக இப்படி என்று தெரியவில்லை. நானும் தலைக்கு எண்ணெய் வைக்கிறவள்தான். அதனால் இந்த வட்டம் அவருடையது வெளியே வந்ததா, என்னுடையது புதிதாகப் படிந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உயரத்தை வைத்துப் பார்க்கலாம் என்றால், கையைக் கொண்டுபோனால் முன்பு போலக் கை தானாக நிற்க மாட்டேன் என்கிறது. கொஞ்சம் மேலே என்று ஒருநாள் தோன்றுகிறது, கொஞ்சம் கீழே என்று ஒருநாள். கட்டிலில் உட்கார்ந்து நாள் கணக்காக அந்த இடத்தையே பார்த்தவன் நீ. அந்த வட்டத்தை உன்னளவுக்குப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. செட் ஆள் வரைந்ததைப் பார்த்த உடனே இது இல்லை என்று உனக்குத் தெரிந்ததே. வந்து பார்த்து இது யாருடையது என்று சொல். உன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாதது போல என் கேள்விக்கு உன்னிடமும் பதில் இல்லாமல் போகலாம். போகட்டும், இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து பார்ப்போம்.

சென்னைக்காரர்களுக்கு என்ன சொல்வாயோ அதைச் சொல். எதைச் சொன்னாலும் நான் உன் பக்கம். ஓடுகிற படம் என்றால் மயிலாத்தாளை எழுப்பி வைத்துக்கொண்டு பார்க்கிறேன். உட்காருகிற படம் என்றால் போர்த்திக்கொள்ளக் கம்பளியாக எடுத்து வருகிறேன். கேமராவோடு வருவதானாலும் சரி, வெறுங்கையோடு வருவதானாலும் சரி, ஆனால் வா. வந்ததும் முதலில் அந்தச் சுண்ணாம்புக்காக என்னைத் திட்டு. மனசார, வாசலில் நின்று, மயிலாத்தாள் வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி திட்டு. அப்புறம் சாப்பிடலாம். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மட்டும் போனில் சொல்லாதே, நான் ஒப்புட்டுச் சுடத்தான் செய்வேன்.

பொங்கலுக்குச் சுண்ணாம்பு கொண்டு வரட்டுமா என்று நேற்று ஆள் கேட்டு வந்தான். வெளிச்சுவருக்கு மட்டும் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இன்று காத்தால வாசலைக் கூட்டிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் கை வைத்தேன். இழுக்கவில்லை. சுவரோடு ஒட்டியே கிடக்கிறது.

அம்மா